ஹோமோ சேப்பியன்ஸும் ஸ்கூட்டர் சாவியும்

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய டென்சில் மச்சானுக்கு,

ஆண்டவர் கிருபையால் உங்கள் தங்கை பிரிஜெட் நலம். நான் அதைவிட ஒரு படி மேலே நலம். தங்கவயலில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் அத்தனை பேர் எதிரிலும் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "ஹெர்பர்ட்டுக்கு மறதி முத்திப்போச்சு, வண்டிச் சாவியைப் புடுங்கு" என்றீர்கள். பிடுங்கினாள். எட்டு மாதமாக அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் காய்கறிப் பையோடு உட்கார்ந்து வருகிறேன், காக்ஸ் டவுனே வேடிக்கை பார்க்கிறது. கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில், "மாதா திருவிழா வினாடி வினாவில ஜெயிங்க, சாவி தர்றேன்" என்றாள்.

இன்று ஜெயித்தேன் மச்சான்! கடைசிக் கேள்வி. "இன்றைய மனுஷங்களுக்கு விஞ்ஞானத்துல ஹோமோ சேப்பியன்ஸ்னு பேரு. என்ன அர்த்தம்?" என்றார் ஃபாதர் நீல். பேங்க் மேனேஜராக இருந்த லாயிட் முந்திக்கொண்டு "நிமிர்ந்து நிற்கும் மனிதன்" என்றார். "அவங்க நமக்கு முந்தி இருந்தவங்க சார்" என்றார் ஃபாதர். நான் எழுந்தேன். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் போல்ட் அளந்தவனுக்கு விஞ்ஞானம் என்ன தெரியும்? ஆனால் ஒன்பது வயதில் லத்தீன் பூசைக்கு உதவி செய்தவன் நான்! விசுவாசப் பிரமாணத்தில் "எத் ஹோமோ ஃபாக்துஸ் எஸ்த்", மனிதரானார் என்று வரும். மாதா பிரார்த்தனையில் "சேதெஸ் சாப்பியென்சியே", ஞானத்துக்கு இருப்பிடமே. இரண்டையும் உரக்கச் சொல்லி, "லத்தீன் ஃபாதர்! ஞானமுள்ள மனிதன்!" என்று கத்தினேன். அந்த முதல் வரிக்கு முழங்கால் போடுவோமே, பழக்கதோஷத்தில் மேடையிலேயே போட்டுவிட்டேன், எழுபத்திரண்டு வயதில் எழுந்திருக்க முடியவில்லை, லாயிட்தான் தூக்கிவிட்டார். "ரைட்! 1758-ல லின்னேயஸ்னு சுவீடன்காரர் வச்ச பேரு" என்று ஃபாதர் மைக்கில் சொல்ல, ஹாலே கைதட்டியது. பிரிஜெட் கண் கலங்கி, கைப்பையிலிருந்து சாவியை எடுத்து எல்லோர் முன்னாலும் என் கையில் வைத்தாள். பரிசுக் கோப்பையைக் கால் நடுவே நிறுத்தி நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன், இரண்டு சிக்னல், ஒரு கீறல் இல்லை. எனக்கா மறதி!

ஆஞ்சலா அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஞானமுள்ள மனிதன்
ஹெர்பர்ட்

பி.கு.: இப்போதுதான் பிரிஜெட் போன் பண்ணினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன் என்று முக்கால் மணி நேரமாக மாதா கோயில் வாசலில் நிற்கிறாளாம். வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். கூட்டிவரக் கிளம்புகிறேன். திரும்பும்போது அவள்தான் ஓட்டுவாளாம், இனிமேல் எப்போதுமே அவள்தானாம். ஓட்டட்டும் மச்சான், இன்றைக்கு நான் பின்னால் கோப்பையோடு உட்காருவேன்.