தங்கப்பல்லுக்கு மூன்று தாழ்ப்பாள்

கையை நீட்டச் சொல்வது கட்டிப்போட அளவெடுக்கத்தான் என்பது, எதிர்வீட்டு டீச்சர் பத்து வரை எண்ணி முடித்தபோதுதான் பூட்டுக்காரருக்கு உறைத்தது.

"எட்டு... ஒம்பது... பத்து. போதும் தம்பி, கண்ணைத் திறங்க."

திறந்தார். நீட்டிய இரண்டு மணிக்கட்டிலும் நீலக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. டீச்சர் நூலைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த நூல்ல என்னதான் பின்றீங்க? நாலு மாசமா கையைப் பிடிக்கச் சொல்றீங்க, ஒரு காலுறைகூட வெளிய வரலையே?"

"பின்னிக்கிட்டே இருக்கேன்" என்று டீச்சர் அவசரமாக நூலை உருவிக்கொண்டார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு வரேன்."

அதே நூல், அதே நேரம். பூட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முப்பது வருடமாக மார்க்கெட் மூலையில் கடை வைத்திருந்தவர். அவருக்குத் திறக்காத பூட்டு கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து அரம் நழுவியது. குனிந்து எடுக்கப் போனார். தரையே எழுந்து வந்து அவரை எடுத்துக்கொண்டது. பக்கவாதம். கால் கைத்தடியோடு திரும்பி வந்தது. கை பாதி வந்தது. தைரியம் மட்டும் வரவே இல்லை.

ஒரு தடவை வந்தது மறுபடியும் வரும் என்ற பயம் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் முன் வீட்டு ஆட்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். "அந்தப் பேரையே என் காதுல போடாதீங்க" என்று அவர் சக்கர நாற்காலியைத் திருப்பச் சொல்லி வெளியே போய்விட்டார். மனைவி மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு கடைசிவரை உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தாள்.

அவள் அச்சகத்தில் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது அவர் கறாராகச் சொன்னார். "எனக்குக் காவல் வைக்காதே. அக்கம்பக்கத்துல யாருகிட்டயும் போய், 'அவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க'ன்னு நிக்காதே. மானம் போயிடும்."

"சரிங்க" என்றாள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது யோசித்தார். கட்டிடத்து வாட்ச்மேன் தினமும் காலை பத்து மணிக்கு நாலு மாடி ஏறி வருகிறான். ஊசிப்போன ஜோக் ஒன்று சொல்கிறான். சிரிக்கும்வரை நகர்வதில்லை. சிரிக்கும்போது அவன் கண் நேராக அவர் வாய்க்குப் போகிறது. வாயில் என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு மறுவருடம் கட்டிய தங்கப்பல் இருக்கிறது!

மூன்று மணிக்குப் பார்சல்காரர் வருகிறார். இவருக்குப் பார்சல் வந்ததே இல்லை. ஆனாலும், "வீட்டு நம்பர், மாடி, தெரு எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லுங்க சார், கம்ப்யூட்டர்ல சரிபாக்கணும்" என்கிறார். தினமும் வந்து நிற்கிற வீட்டுக்கு விலாசம் எதற்கு? வேறு யாருக்கோ சொல்லத்தான்.

ஒருத்தன் பல்லைப் பார்க்கிறான், ஒருத்தர் கையை அளக்கிறார், ஒருவர் விலாசம் வாங்குகிறார். திருடன் பெரியவனா, காவல்காரன் பெரியவனா என்று கேட்பார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் கேட்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் மனைவி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டே போனில் பேசியது காதில் விழுந்தது. "மூணும் முடிஞ்சுதா? சரி. நாளைக்கும் விட்டுடாதீங்க." அவரைக் கண்டதும் போனை வைத்தாள்.

"யாரு அது?"

"அச்சகத்துலேருந்து. புரூப் மூணு தடவை பாக்கணும்ல, அதான்."

"அந்த வாட்ச்மேன் என் பல்லையே பாக்குறான்."

அவளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. "நல்ல மனுஷன் அவரு. நீங்க சும்மா சிரிச்சு வைங்க."

இவளும் கூட்டுச் சேர்ந்துவிட்டாளோ என்று ஒரு நொடி நினைத்தார். சே, பல்தான் வேண்டுமென்றால் அவர் தூங்கும்போதே பிடுங்கியிருப்பாளே. பாவம், அவளையும் ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த வீட்டில் அவளைக் காப்பாற்ற அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவருக்கோ ஒன்றரைக் கை.

உள்ளதைச் சொன்னால், திருடன் பயம் அவருக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. மற்ற பயத்துக்குப் பூட்டு கிடையாது. இதற்கு உண்டு.

மறுநாள் பத்து மணிக்கு வாட்ச்மேன் வந்தான்.

"சார், ஒருத்தன் டாக்டர்கிட்ட போய், 'எனக்கு மறதி அதிகம்'னானாம். 'எப்பலேருந்து?'ன்னு டாக்டர் கேட்டாரு. 'எது எப்பலேருந்து?'ன்னானாம்!"

பூட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பல்லைக் காட்டினால்தானே?

வாட்ச்மேனின் சிரிப்பு அப்படியே நின்றது. "சார்? துண்டை எடுங்க சார். இன்னொண்ணு சொல்றேன்..." அடுத்தடுத்து இரண்டு சொன்னான். கடைசியில் லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் தடதடவென்று இறங்கி ஓடினான்.

'ஆளு உஷாராயிட்டான்னு சொல்ல ஓடுறான்' என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய டீச்சர் பத்தேகாலுக்கே நூலோடு வந்துவிட்டார். "கையை நீட்டுங்க தம்பி."

அவர் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"வலது கையை மட்டுமாவது தூக்குங்களேன். கொஞ்சூண்டு?"

தலை மறுபடியும் ஆடியது. டீச்சரின் கையிலிருந்து நூல்கண்டு விழுந்து படிக்கட்டுவரை உருண்டு போனது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பூட்டுக்காரர் டீச்சரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

இனித் தாமதிக்கக் கூடாது. கட்டிலடியிலிருந்து கருவிப் பெட்டியை இழுத்தார். விற்காமல் மிஞ்சிய விசைத் தாழ்ப்பாள் மூன்று இருந்தன. தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும். ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே மறு கையால் இழுத்தால்தான் திறக்கும். வலது விரல்களுக்கு நடுவே திருகாணியைச் சொருகிக்கொண்டு இடது கையால் முடுக்கினார். எத்தனையோ திருகாணி தரையில் விழுந்தது. ஒவ்வொன்றையும் தேடி எடுத்தார். மூன்றாவது தாழ்ப்பாளும் ஏறியபோது மணி பதினொன்று. ஆறு மாதத்தில் அவர் தனியாக முடித்த முதல் வேலை அது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. மூன்றையும் தள்ளினார். சடக், சடக், சடக்.

அதன் பிறகுதான் திறந்து பார்க்கத் தோன்றியது. பொத்தானை அழுத்த வேண்டிய வலது கட்டைவிரல் அன்றைய வேலையில் களைத்து, எனக்கென்ன என்று கிடந்தது. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்தவர் சொந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

"சார்! பார்சல்! விலாசம் சொல்லுங்க சார்!" வெளியே பார்சல்காரரின் குரல். மூன்று மணிக்கு வர வேண்டியவர் இன்று பதினொன்றுக்கே வந்துவிட்டார்.

பேசாமல் இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று உடைத்துவிடுவார்கள். சரியாகச் சொன்னாலும் ஆபத்து. துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தப்பான வீட்டு நம்பரையும் இல்லாத தெருவையும் கலந்து கட்டி, ஒன்றும் புரியாதபடி முணுமுணுத்தார்.

வெளியே பெட்டி பொத்தென்று விழுந்தது. "அம்மா! நானே என் காதால கேட்டேன்மா! உடனே வாங்க!" என்று அவர் போனில் கத்துவது கேட்டது.

அம்மாவா? அப்படியானால் கூட்டத்துக்குத் தலைவி ஒரு பொம்பளை! பூட்டுக்காரர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். அப்போதும் வேறு அழைப்பில் இருந்தாள். படியில் பல கால்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது. முட்டுக்கொடுக்க நாற்காலியை இழுத்தார். அது சறுக்கித் தடாரென்று சாய்ந்தது.

"ஐயோ, விழுந்துட்டாரு!" என்று டீச்சர் அலறினார்.

"கடப்பாரை எங்க? கதவை உடைங்க!" என்றான் வாட்ச்மேன்.

தெருவில் சைரன் கேட்டது. போலீஸ்! பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டுமே! தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினார். முதல் பொத்தானே அசையவில்லை. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"என்னங்க! நான் வந்துட்டேன், கதவைத் திறங்க!"

அவர் மனைவி. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கிறாள்.

துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினார். "நீ ஏன் இங்க வந்தே? ஓடிடு! உன் பக்கத்துல நிக்கிறவங்க மூணு பேரும் திருட்டுப் பசங்க! நம்ம விலாசம், என் கை அளவு, என் பல்லு எல்லாம் அவங்களுக்குத் தெரியும்!"

பிறகு மனைவி விசும்புவது கேட்டது. "பேசுறாருங்க... முழுசா பேசுறாரு..."

அவள் அழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. களைத்த கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்து, இடது கையால் இழுத்தார். முதல் தாழ்ப்பாள் விட்டது. இரண்டாவதும் விட்டது. மூன்றாவதற்குப் பல்லைக் கடித்தார், அந்தத் தங்கப்பல் உட்பட. அதுவும் விட்டது.

கதவு திறந்தது. போலீஸ் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்சல்காரர் கீழே விழுந்த பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் மனைவியைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டு, கைத்தடியை ஓங்கினார்.

"சொல்லுங்கடா! என்னதான் வேணும் உங்களுக்கு? பல்லா?"

வாட்ச்மேன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, படியிலேயே தொப்பென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "பல்லு யாருக்கு சார் வேணும்? ஸ்ட்ரோக் திரும்ப வந்தா வாய் கோணும், கை இறங்கும், பேச்சு குழறும்னு அம்மா ஆஸ்பத்திரி வகுப்புல எழுதிட்டு வந்து, சிரிப்பு எனக்கு, கை டீச்சருக்கு, விலாசம் இவருக்குன்னு பிரிச்சுக் குடுத்தாங்க. நூத்திப் பன்னெண்டு நாளா மூணுலயும் பாஸானவரு, இன்னைக்கு ஒரே நாள்ல மூணுலயும் பெயிலானா நாங்க என்னன்னு சார் நெனைக்கிறது?"