வானிலைக்காரர் வீட்டுக் கூரை

இந்த இலையுதிர் காலத்தில் கூரை மேல் ஏறுவதே இல்லை என்று வானிலைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். நாடு முழுவதற்கும் அடுத்த இரண்டு நாள் வானிலையை எழுதுவது அவர் வேலை. வடக்கு மலையில் பனி கொட்டும். அதே நேரம் தெற்குக் கரையில் ஆட்கள் வியர்த்து வழிவார்கள். அவ்வளவு பெரிய நாட்டை நாலு வரியில் மடக்கி வானொலிக்கு அனுப்பிவிடுவார். வீட்டிலோ ஒரே ஒரு கூரை. அதன் ஓரத்துத் தகர வாய்க்காலில் உதிர்ந்த இலைகள் அடைத்துக் கிடந்தன. மழை வந்தால் தண்ணீர் நேரே கூடத்துக்குள் இறங்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்டாள்.

"மழை எப்போங்க?"

ஞாயிற்றுக்கிழமை என்று காலையில் அவரே எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை ஏணி. அன்றைக்குத்தான் பூங்காவில் சதுரங்க இறுதி ஆட்டம். எதிராளி மருந்துக்கடைக்காரர். போன வருஷம் அவரிடம் தோற்றதிலிருந்து, தலை வெடித்தாலும் அந்தக் கடையில் இவர் மாத்திரை வாங்குவதில்லை.

"மழையா? கண்ணுக்கெட்டின தூரம் மேகமே இல்லை."

"அப்போ இலையெல்லாம் காஞ்சிருக்கும். அள்ள சுலபம். நாளைக்கே ஏறிடுங்க."

"இரு, இரு. ஞாயித்துக்கிழமை லேசா தூறலாம்."

"அப்போ அதுக்கு முன்னாடி, நாளைக்கே ஏறணும்."

வானிலைக்காரர் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளினார். "கடைசி நிலவரத்தைக் கேளு. நாளைக்குக் காலையிலேயே மழை. சரியான மழை."

"ஐயோ, ஈரத்துல வழுக்கினா என்ன ஆகறது? வேண்டாங்க."

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு பூனை போல வாசலுக்கு வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பூங்காவுக்கு. மேகம் திசை மாறிடுச்சு."

"அங்க யாரும் இல்லையே. காலையில மழையாம்னு மருந்துக்கடை அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். எழுதறவரே சொன்னா மறுபேச்சு ஏதுன்னு, ஆட்டத்தை நாளைக்கு மாத்திட்டார்."

"நாளைக்கா? நாளைக்குத்தானே மழை." வாய் முந்திக்கொண்டது.

"தெரியும். நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரேடியோவுல உங்க நாலு வரியைப் படிச்சாங்க."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?"

"உங்க வாயால கேக்கற சுகமே தனி. ஆட்டம் நம்ம கூடத்துலதான். கூடம் ஒழுகாம இருந்தா சரி. ஏணி சாத்தி வச்சிருக்கேன்."

வானிலைக்காரர் ஏறினார். ஒரு இலை விடாமல் வழித்தெடுத்தார். உச்சியில் நிமிர்ந்தபோது மேற்கே மெல்லிய சாம்பல் கோடு தெரிந்தது. வரைபடத்தில் அவர் குறித்த அதே மூலை. வலித்த முதுகு சற்று நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை சொன்னபடி வந்தது. தகர வாய்க்கால் கலகலவென்று ஓடியது. கூடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. மருந்துக்கடைக்காரரின் ராஜாதான் விழுந்தார்.

"அடுத்த சனிக்கிழமை பூங்காவுல மறு ஆட்டம்," என்றார் மருந்துக்கடைக்காரர், காய்களைப் பொறுக்கிக்கொண்டே. "அன்னைக்கு வானிலை எப்படி இருக்கும்?"

வெற்றி பெற்றவர் அடக்கமாகச் சிரித்தார். "ரெண்டு நாளுக்கு மேல எங்களால சொல்ல முடியாதுங்க."

"என்னால முடியும்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அன்னைக்குப் பரண் சுத்தம் பண்றார்."