‘மருந்தாய்வுச் செம்மல்’ டாக்டர் நாகரத்தினம்

மூடநம்பிக்கையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் உலகில் ஏராளம். அதைத் தேடிப் பிடித்து, பெயர் சூட்டி, பல்கலைக்கழகத்தில் சேர்த்து, அதன் தோளில் ஏறித் தானும் பட்டம் வாங்கிய மாமேதை ஒருவரே. அவர் டாக்டர் நாகரத்தினம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் சாதாரண ஆபீஸ் கிராணியாகிய நான், அந்த மாமேதைக்குக் குடை பிடித்திருக்கிறேன்.

1974-இல் அவர் கோலாலம்பூரிலிருந்து வந்தார். “டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ண ஒருத்தர் வர்றாரு” என்று லைன் வீடுகளில் நான்தான் அறிவித்தேன். ஜனங்களின் காதில் ‘டாக்டர்’ மட்டும் விழுந்தது. மறுநாள் காலை சொறி, சளி, வாயுப்பிடிப்பு எல்லாம் வரிசையில் நின்றன. பல்கலைக்கழகம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரை டாக்டராக்கிய பெருமை எங்கள் தோட்டத்துக்கே உரியது.

அவர் யாருடைய நாக்கையும் நீட்டச் சொல்லவில்லை. பேய் உண்டா, கண்ணேறு படுமா என்று விசாரித்தார். ஊசி போடமாட்டார் என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. மணியம்மா மட்டும் நகரவில்லை. புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை அவளுக்கு. இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்களில் பாதிக்கு நகமில்லை.

“மருந்து பட்டுருச்சுங்க ஐயா. மூக்குலயும் ரத்தம் வருது.”

நாகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “யார் வைத்த மருந்து அம்மா?”

“யாரு வெச்சதா? தொர வாங்கிப் போட்ட மருந்துதாங்க.”

“துரையே வைத்தாரா! எதில் கலந்து? சோற்றிலா?”

“முதுகுல இருக்கிற டின்னு ஒழுகி கையெல்லாம் ஊத்துதுங்க. அந்தக் கையாலதானே சோறு திங்கணும்?”

‘சோற்றில்’ என்று எழுதிக்கொண்டார்.

நான் குறுக்கிட்டேன். “சார், இது வசிய மருந்து இல்ல. லாலாங் புல்லுக்கு அடிக்கிற விஷம்.”

“தம்பி, நீ உள்ளே இருப்பவன். உனக்குப் புல் தெரியும். எனக்குக் குறியீடு தெரியும்.”

அறிவு என்றால் அதுவல்லவா!

மணியம்மா விடவில்லை. “தொரகிட்ட ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கொழுந்து பறிக்க மாத்தி விடுங்க லா. ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்.”

சொல்கிறேன் என்றார், சொல்லவும் செய்தார். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில், எங்கள் தேயிலையையே குடித்துக்கொண்டு, “இது வேலைப் பிரச்சினை அல்ல, தொன்மையான நம்பிக்கைப் பிரச்சினை” என்று விளக்கினார். துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையுறை வாங்குவதைவிட நம்பிக்கையை மதிப்பது மலிவு.

கம்போங் ராஜாவிலிருந்து, வயிற்றில் வைத்த வசிய மருந்தை எடுக்கும் இருளப்பன் தோட்டத்து லோரியிலேயே வரவழைக்கப்பட்டார். மணியம்மாவின் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு மயிர் உருண்டையைத் துப்பிக் காட்டினார். நாகரத்தினம் அதைப் படமெடுத்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் செல்லையா தகர டின்னை அவள் பக்கம் தள்ளினார்.

“மருந்து எடுத்தாச்சு லா. இனிமே போய் மருந்து அடி.”

அந்த உருண்டை உருண்டு உருண்டு எங்கெங்கோ போனது. நாகரத்தினம் டாக்டரானார், பேராசிரியரானார். பக்கத்துக் கோலா தெர்லாவில் யாராவது இருமினால் வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்கப்பட்டது. அவருடைய நூலின் அட்டையில் மணியம்மாவின் கைகள் வண்ணத்தில் அச்சாயின. துரை அந்த நூலை ஆபீசில் வைத்துக்கொண்டார். மருந்து என்று யார் வாயைத் திறந்தாலும் அட்டையைக் காட்டி, “உங்க சாமி சமாச்சாரம்” என்று அனுப்பிவிடுவார்.

1984-இல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாராட்டு விழா. ‘மருந்தாய்வுச் செம்மல்’ என்ற பட்டம் என் கற்பனை. வாழ்த்துரை வாசிப்பதும் நானே. வாழ்த்துரையிலேயே ‘துரை’ இருப்பதால் அவரும் மேடையில் இருந்தார்.

மாலை போட மணியம்மாவை அழைத்தோம். விரல்கள் மடங்காததால் மாலை நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“ஐயா, இன்னும் மருந்துதான் அடிக்கிறேன். ஒரு கண்ணு தெரியல. தொரகிட்ட இன்னொரு வாட்டி சொல்லிப் பாக்குறீங்களா?”

“பத்து வருடமாக மாறாத நம்பிக்கை!” என்று டாக்டர் புல்லரித்து, ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டார். துரை கைதட்டினார்.

என் முறை வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேசினேன்.

“செம்மல் அவர்களே, எங்களிடம் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. தங்கள் நூலில் அது விடுபட்டுவிட்டது. படித்த தமிழர் ஒருவர் பங்களாவுக்குள் போனால் நமக்காகப் பேசுவார் என்று இந்த மலை முழுக்க நம்பிக்கொண்டிருந்தோம். அதை அடியோடு ஒழித்த பெருமை தங்களையே சாரும்.”