ஆயுத பூசைக்கு உக்காந்த மைனிங் மெசின்

இன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாளை மார்க்கெட்டுக்குப் போயி ஆயுத பூசைக்குப் பொரி, அவல், கடலை, ஒரு பூசணிக்காய் வாங்கிட்டு வரணும்.

நடந்துதான் போனேன். பைக்கை வித்தாச்சு.

ஏன்னு கேக்கியளா? ஸ்டோரேஜ் மைனிங்! எவனோட ஃபைலையோ நம்ம வீட்டு ஹார்டு டிஸ்க்குல வச்சுப் பாத்துக்கிட்டா கிரிப்டோ காயின் தருவாங்களாம். ஒரு வீடியோவைப் பாத்துட்டு இறங்கிட்டேன்.

ரேம் மட்டும் நூத்தியிருபத்தெட்டு ஜிபி. கிராஃபிக்ஸ் கார்டு தனி. ஃபைலை அடைச்சு முத்திரை வைக்க 'வொர்க்கர்'னு ஒரு பெட்டி, அதைக் காவல் காக்க இன்னொரு பெட்டி. 'சரக்கு பத்திரமா இருக்கு'ன்னு தினமும் குறிச்ச நேரத்துல மெசின் நிரூபிக்கணும். தவறுனா, பைக்கை வித்துக் கட்டுன டெபாசிட்டுல வெட்டு!

ரெண்டு பெட்டியும் கக்குற சூட்டுல எம் பொண்டாட்டி செல்வி கூழ்வத்தல் காயப்போட்டா.

"ஏங்க, வெயிலை விட நல்லா காயுதுங்க!"

அவளுக்கு அது வத்தல் மெசின். மாமனாருக்கு வீடியோ கேம். பாபநாசம் பக்கம் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆகி, இப்ப எங்ககூட இருக்காரு. வீட்டுக்கு யாரு வந்தாலும், "மாப்ள உள்ள விளையாடுதாரு"ம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இன்னைக்குக் காலையில பொறுக்க முடியல.

"மாமா, இது விளையாட்டு இல்ல. என் தொழில்! இதுக்கு முதலாளியே கிடையாது. ஒருத்தன் எனக்கு உத்தரவு போட முடியாது!"

"அப்படியா மாப்ள! தெரியாமப் போச்சே"ன்னாரு. கல்யாணம் ஆனதுல இருந்து அந்த முகத்துல மரியாதையை இன்னைக்குத்தான் பாக்கேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன்.

பூசணிக்காயைத் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்கையில போன் கத்துச்சு. 'மெசின் தொடர்பில் இல்லை.'

போச்சு! காயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுனேன். "பாத்துப் பைய போங்க, காய் உடைஞ்சிரும்!"னு கடைக்கார அண்ணாச்சி கத்துதாரு. அவரு கவலை அவருக்கு.

வீட்டுல பாத்தா, ரெண்டு பெட்டியும் வயரெல்லாம் உருவி, ஈரத்துணியால துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, செவ்வந்தி மாலையோட உக்காந்திருக்கு! இந்தப் பக்கம் அரிவாமணை, அந்தப் பக்கம் தையல் மெசின்.

"அய்யோ! யாரு அணைச்சது?"

"நான்தான்"னாரு மாமா, பெருமையா. "தொழில் மெசின்னு சொன்னியள்லா? மில்லுலயே இன்னைக்கு ஒரு மெசின் ஓடாது மாப்ள. நாளைக்கு விஜயதசமிக்கு எடுத்துக்கிடலாம்."

"இன்னைக்குக் கணக்கை நிரூபிக்க இன்னும் பத்து நிமிசந்தான் மாமா இருக்கு!"

வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். பெட்டி ஃபேன் சுத்துன வேகத்துல உள்ள சிந்திக் கிடந்த குங்குமம் பூரா செவுத்துல, மாமா வேட்டியில, என் மூஞ்சியில! மெசின் எந்திரிச்சு கண்ணு முழிக்கதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு. டெபாசிட்டுல வெட்டு விழுந்தாச்சுன்னு போன் மறுபடி கத்துச்சு.

வயித்தெரிச்சல் தாங்கல. மாமாவுக்கும் மனசு கேக்கல.

"ஆபீசுக்குப் போன் போட்டு, பூசைன்னு ஒருநாள் லீவு சொல்லுங்க மாப்ள. முதலாளியும் மனுசன்தானே?"

"முதலாளியே கிடையாதுன்னு காலையில சொன்னேம்லா."

"அப்ப யார்ட்டதான் வே போயி அழ?"



இனிமே யாரு கேட்டாலும், அது வத்தல் காயப்போடுத மெசின்தான்.