ஃபிராங்க் சித்தப்பாவுக்கு நான் அழுத அழுகை

அயர்லாந்தைப் படிக்க அமெரிக்கா போன ஒரே திருநெல்வேலிக்காரி நானாகத்தான் இருப்பேன். பெருமையாகச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, நியூ ஜெர்சியில் எட்டு வாரக் கோடை வகுப்பில் இடம் கிடைத்தது. பாடம், ஐரிஷ் வரலாறும் இலக்கியமும். "அதுக்கு அயர்லாந்துக்குல்லா போணும்?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தங்கியது பிளெய்ன்ஸ்பரோவில், பெரியம்மா மகள் வசந்தி அக்கா வீட்டில். அக்காவும் அத்தானும் ஐடி. ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க மீட்டிங். அவர்களுடைய எட்டு வயது மகள் நிலாவிடம் "சாப்பிட்டியா கண்ணு?" என்றால், "யெஸ், சித்தி" என்று பேச்சை முடித்துவிடுவாள். அபார்ட்மென்ட்டில் பார்த்த அத்தனை பேரும் "ஐரிஷ் படிச்சா என்ன ஜாப் கிடைக்கும்?" என்றார்கள். வகுப்பில் மற்ற எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுவார்கள். (முதல் வாரம் நிஜமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், தலைவலி உள்பட.) பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ்காரர்களைப் பற்றி நூலகத்தில் படிப்பேன். அவர்களுக்காக உருகுவதாக நினைத்துக்கொண்டு எனக்காக உருகுவேன். ஐந்து வாரமாக யாரும் என்னை ஒரு காப்பிக்குக்கூடக் கூப்பிடவில்லை. தாங்க முடியாத தனிமை.

ஆறாவது வாரம் எங்கள் பேராசிரியை மோரின், தன் சித்தப்பா ஃபிராங்க் தொண்ணூற்றொரு வயதில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். சனிக்கிழமை மதியம் அவரை அவருடைய வீட்டிலேயே பார்வைக்கு வைக்கிறார்கள், விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். இறந்தவரைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசிச் சிரிக்கும் ஐரிஷ் வழக்கத்தை அப்போதுதான் பாடமாக நடத்தியிருந்தார். என்னைப் பார்த்து, "யூ மஸ்ட் கம்" என்றார். சாவுக்குத்தான் என்றாலும் அழைப்பு அழைப்புதானே! எப்படியாவது இந்த மனுஷர்களோடு ஒட்டிக்கொண்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

வகுப்புத் தோழி கேட்டி அபார்ட்மென்ட்டுக்கே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் வெள்ளைச் சுடிதார். அங்கே எல்லாரும் கறுப்பு உடை. சாண்ட்விச், டீ, ஓயாத சிரிப்பு. ஃபிராங்க் ஒரு கல்யாணத்தில் மண்டபம் மாறிப் போய், சாப்பிட்டு, மைக்கைப் பிடித்து வாழ்த்தியும் பேசிவிட்டு வந்த கதையை யாரோ சொல்ல, கூட்டமே குலுங்கியது. எல்லாம் நான் படித்ததுதான். ஆனால் படித்தது தலையில் இருந்தது; கையும் காலும் திருநெல்வேலியில் இருந்தன. என்னைக் கண்டதும் மோரின் இரண்டு கைகளையும் விரித்தார். எங்கள் ஊரில் துஷ்டி வீட்டில், அதுதான் சாவு வீட்டில், கையை விரித்தால் என்ன செய்வோம்? கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். மரியாதைக்கு ஒரு நிமிடம் அழுவோம் என்றுதான் ஆரம்பித்தேன். நிற்கவில்லை. அம்மா, ஊர், யாரும் கேட்காத என் தலைவலி, எல்லாம் சேர்ந்து வந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. யாரோ முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத ஃபிராங்குக்கு இப்படி அழ ஓர் இந்தியப் பெண்ணா? ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு ரொம்ப நெருக்கமோ?" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். நான் விக்கி விக்கி இன்னும் அழுதேன். அவரே ஒரு முடிவுக்கு வந்து, அதை இன்னும் இரண்டு பேரிடம் போய்ச் சொன்னார்.

அவமானம் பிடுங்கித் தின்றது. கிளம்பிவிட்டேன். துஷ்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே! "போயிட்டு வரேன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். அதனால் மோரினிடம் சொல்லவில்லை, கேட்டியிடமும் சொல்லவில்லை. மரியாதைக்காகப் போனை வேறு அணைத்து வைத்திருந்தேன். இரண்டு மைல், நடைபாதையே இல்லாத ரோடு, ஜூலை வெயில், கண்ணைத் துடைத்தபடி நான்.

அக்கா ஹெட்போனோடு கதவைத் திறந்தாள். (சனிக்கிழமையும் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம்.)

"ஏட்டி, அங்கேயே நில்லு! துஷ்டிக்குப் போயிட்டு அப்படியே உள்ள வாறியா? குளிச்சிட்டு வா."

"பாத்ரூம் உள்ளதானக்கா இருக்கு?"

"சாமி ஷெல்ஃபைத் தாண்டில்லா போணும்? நீச்சல் குளத்துல ஷவர் இருக்கு, அங்க போ. நான் மீட்டிங்ல இருக்கேன்!"

கதவு சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை மதியம் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் பாதி ஆந்திரா, பாதி தமிழ்நாடு. குளத்தோர ஷவரைத் திறந்துவிட்டுச் சுடிதாரோடு தலைமுழுகினேன். லைஃப்கார்டு பெண் விசில் ஊதினாள். தண்ணீருக்குள்ளிருந்த நிலா தன் சிநேகிதியிடம், "ஐ டோன்ட் நோ ஹர்" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் போலீஸ் கார் வந்தது. பின்னாலேயே கேட்டியின் கார். மோரின் இறங்கி ஓடிவந்தார், சொந்தச் சித்தப்பாவை அங்கே விட்டுவிட்டு. எல்லா அறையிலும் தேடினார்களாம். அந்த நிலைமையில் அழுதுகொண்டு போனவள் எங்கே போய் என்ன செய்துகொண்டாளோ என்று பயந்துவிட்டார்களாம். சொட்டச் சொட்ட நின்றபடி எங்கள் வழக்கம் முழுவதையும் விளக்கினேன். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

மோரின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். யாரிடமும் சொல்லாமல் நழுவுவதை அமெரிக்காவில் 'ஐரிஷ் விடைபெறல்' என்று கேலி செய்வார்களாம். "எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் போனதே இல்லை. வாசலில் நின்றே ஒரு மணி நேரம் பேசுவோம். இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன், அதையும் ஒரு தமிழ்ப்பெண் செய்து!"

இதற்குள் அக்கா ஓடிவந்துவிட்டாள். துஷ்டியிலிருந்து நேரே வந்தவர்களை வீட்டுக்குள் கூப்பிடவும் முடியாது, வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பவும் முடியாது. காப்பியும் முறுக்கும் குளத்தோரத்துக்கே வந்தன. (போலீஸ்காரர் மூன்று முறுக்கு சாப்பிட்டார்.) துண்டைப் போர்த்திக்கொண்டு மோரின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் உங்கள் சித்தப்பாவுக்காக அழவில்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். "காலையிலிருந்து நாங்கள் ஒருத்தரும் அழவில்லை. யாராவது அழ வேண்டியிருந்தது."

ஆறு வாரத்தில் முதல்முறையாக என்னோடு ஒருவர் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

நான்கு வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது சொல்லாமல் கிளம்பினால், "ஃபிராங்க் சித்தப்பா வீட்டுலருந்து வாறியாட்டி?" என்பார்கள். நான் போனைச் சட்டென்று வைத்தால், "போலீஸை அனுப்பட்டா?" என்று அக்கா உடனே மெசேஜ் போடுவாள்.

ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் மோரின் என்னைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். "போயிட்டு வரேன்" என்று அழுத்தமாகச் சொன்னேன். அர்த்தமும் சொன்னேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வரும் அவருடைய மின்னஞ்சலில் கடைசி வரி ஒன்றுதான்: வருகிறேன் என்றாயே, எப்போது?

சொல்லாமல் வந்தபோது ஒரு மணி நேரத்தில் தேடி வந்துவிட்டார்கள். சொல்லிவிட்டு வந்தவள்தான் இன்னும் போகவில்லை.