மீன் குடில் வழக்கில் நான் பாடிய பாட்டு

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான அக்கா வெர்னாவுக்கு,

பனி இன்னும் உருகாத மினசோட்டாவிலிருந்து தங்கை ஆர்லிஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் என் வீட்டுக்காரர் லோவெலும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மன சுகத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன். குளிருக்குத் தப்பிப் போன அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. நாற்பதில் இரண்டு அழுகல். குறை சொல்லவில்லை, கணக்குக்காகச் சொன்னேன்.

இந்த வாரம் முழுக்க நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என்னை ஜூரியாகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நீதிபதி ஹால்ஸ்ட்ரம் அம்மா முதல் நாளே எங்கள் ஆறு பேரையும், ஏழாவதாக ஒரு மாற்று ஆளையும் உட்காரவைத்து, "வழக்கு முடியற வரைக்கும் இதைப் பத்தி யார்கிட்டயும் பேசக்கூடாது, வீட்டிலயும் பேசக்கூடாது, யாராவது சொல்ல வந்தாலும் கேக்கக்கூடாது" என்றார். நான் அதை வேதத்தின் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாக எடுத்துக்கொண்டேன். நேற்று வெள்ளிக்கிழமை தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டோம், இனி வாயைத் திறக்கலாம், ஆனபடியால் ஒரு வாரம் அடைத்துவைத்ததெல்லாம் இந்தக் காகிதத்தில் கொட்டப்போகிறது, நீ உட்கார்ந்து படி. என்னால்தான் உட்கார முடியவில்லை. இந்த ஒரு பத்திக்குள் மூன்று முறை எழுந்து, துடைத்த அடுப்பையே துடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வழக்கு இதுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டுவேன், பக்கத்து வீட்டுச் செல்மரின் மீன்பிடிக் குடிலைத் திருடிவிட்டார் என்று குற்றச்சாட்டு. பனிக்காலம் முழுக்க உறைந்த ஏரிமேல் நின்ற அந்தப் பச்சைக் குடில் போன மார்ச்சில் காணாமல் போய், கோடையில் டுவேனின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அவர்கள் இருவருக்கும் வேலித் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது என்பது உனக்குத் தெரியும். குற்றம் உறுதியானால் ஓராண்டு வரை சிறை. சிறை இல்லாவிட்டாலும் பஸ் வேலை போய்விடும். இளகத் தொடங்கும் மார்ச் பனி எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு முந்தின வருஷம்தானே நம் லோவெலின் பிக்கப் வண்டி ஏரிக்குள் இறங்கி, அவரைக் கயிறு போட்டு இழுத்தார்கள்? அப்புறம் நீ சொன்னபடியே, மார்ச் பிறந்தால் ஏரிப் பனியில் கால் வைக்க மாட்டேன் என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணவைத்தேன். நல்லவேளை, வாக்குத் தவறாத மனுஷன்.

ஜூரி எடுக்கும்போதே கூத்து ஆரம்பித்துவிட்டது. அரசு வக்கீல் பட்டணத்துப் பையன், இந்தப் பனியில் பளபளக்கும் தோல் ஷூவோடு வந்திருக்கிறான், பாவம்.

"குற்றம் சாட்டப்பட்டவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் தம்பி. என் மூணு பிள்ளைங்களையும் பஸ்ல ஏத்திக்கிட்டுப் போனவர்."

"புகார் குடுத்தவரை?"

"அவரையுந்தான். சர்ச்சுல எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி உக்காந்து தூங்குவாரு."

"அப்போ நடுநிலையா இருக்க முடியுமா?"

"ரெண்டு பேரையும் தெரியாத ஆளு வேணும்னா நீங்க வேற மாவட்டத்துலேருந்துதான் இறக்கணும், தம்பி."

நீதிபதி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவரே கேட்டார், இந்தச் சம்பவத்தைப் பற்றி எனக்கோ என் வீட்டாருக்கோ நேரடியாக ஏதாவது தெரியுமா என்று. "எனக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது எல்லாம் எனக்குத் தெரியும்" என்று, வலது கையை உயர்த்திச் சத்தியம் பண்ணிய வாயாலேயே சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். மாற்று ஆளாக வந்தவர் தீவனக் கடை க்ளென். மதிய இடைவேளையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "ஒண்ணும் பண்ணாத ஆளைப் போலீஸ் ஏன் பிடிக்குது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எங்களில் ஒருவர் நோயில் விழுந்தால் அந்த நாற்காலி இவருக்கு. நான் அன்றைக்கே ஆறு பேரின் ஆரோக்கியத்துக்காகவும் ஜெபித்தேன்.

விசாரணையில் முதலில் தூண்டில் கடைக்காரர் ஏறி, "டுவேன்தான் எடுத்தாருன்னு காபிக் கடையில எல்லாரும்…" என்று ஆரம்பித்ததும் டுவேன் பக்கத்து வக்கீலம்மா துள்ளி எழுந்து, "ஆட்சேபணை! செவிவழிச் செய்தி!" என்றார். நீதிபதி ஏற்றுக்கொண்டு, கேள்விப்பட்டதைச் சொல்லக்கூடாது, கண்டதைத்தான் சொல்ல வேண்டும் என்றார். இந்தச் சட்டம் நம் ஊர்க் காபிக் கடைக்கு வந்தால் அங்கே மிஞ்சுவது சர்க்கரைக் கிண்ணம் மட்டும்தான். அப்புறம் ஏரிக்கரை மாவிஸ் வந்தாள். "இருட்டுற நேரம். டுவேனோட வண்டி, விளக்கெல்லாம் எரிய, குடிலை இழுத்துக்கிட்டு வந்துச்சு. கூட இன்னொருத்தர். காதை மூடின தொப்பி, ஒரு கால் நொண்டல். என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் கையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்" என்றாள். அந்த இரண்டாவது ஆள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இந்த மாவட்டத்தில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் நொண்டாதவர் யார், நம் வீட்டில் இருப்பவர் உட்பட? டுவேன் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. ஏறாமலிருப்பது அவருடைய உரிமை, அதை அவருக்கு விரோதமாக எண்ணக்கூடாது என்று நீதிபதி சொன்னார். எண்ணாமலிருக்க நான் பட்ட பாடு! நம் மீட்பரும் பிலாத்துவின் முன்னால் வாய் திறக்கவில்லையே என்று என்னையே அடக்கிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் வியாழக்கிழமை வந்துவிட்டது. டுவேனின் மனைவி கார்லீன் பனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டதால் சர்ச்சுப் பெண்கள் முறைபோட்டுச் சாப்பாடு அனுப்புகிறோம்; வியாழன் என் முறை. முறையிலிருந்து விலகினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் வழக்கைப் பற்றிப் பேசியதாகிவிடும். அனுப்பாவிட்டால் ஒரு கால் ஒடிந்தவள் பட்டினி. சாயங்காலம் வந்ததும் இறைச்சி, காளான் குழம்பு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்து, என் பேர் ஒட்டிய கண்ணாடிப் பாத்திரத்தை லோவெல் கையில் கொடுத்தேன்.

"வாசல்ல வையுங்க, மணியை அடிங்க, வந்துடுங்க. உள்ள போகாதீங்க."

"காபி குடுத்தா?"

"குடிக்காதீங்க!"

போனவர் ஒரு மணி நேரம் கழித்து, முகம் வெளுத்து வந்தார். "ஆர்லிஸ், கொஞ்சம் உக்காரேன். டுவேன் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"சொல்லக்கூடாது!"

"சொல்லியே ஆகணும்மா."

நான் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு லெந்து என்னும் தவக்காலத்துப் பாட்டு ஒன்றை எடுத்து எல்லாச் சரணமும் பாடினேன். அவர் தொப்பியைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். முடிந்ததும் வாயைத் திறந்தார். நான் அடுத்த பாட்டைத் திறந்தேன். படுக்கப் போகும்போது முயன்றார், காலை உணவில் முயன்றார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று முயன்றார். லெந்துப் பகுதி முழுதும் தீர்ந்து நான் ஈஸ்டர் பாட்டுகளுக்குள் போய்விட்டேன், அக்கா. அல்லேலூயா பாடக்கூடாத லெந்து நாளில் அதைப் பாடிய பாவமும் சட்டத்தின் பொருட்டு என் தலையில் ஏறிற்று.

வெள்ளிக்கிழமை காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில், எல்லார் கண்ணும் பார்க்க, கார்லீன் ஊன்றுகோலில் தத்தித் தத்தி வந்து என் பாத்திரத்தை நீட்டினாள். வெறும் பாத்திரம் திருப்பித் தருகிற வழக்கம் இங்கே ஏது? உள்ளே எலுமிச்சை கேக் துண்டுகள். நீதிமன்றக் காவலர் ராய் அதை வெடிகுண்டு மாதிரி வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாவது நிமிஷம் நான் நீதிபதியின் அறையில், இரண்டு வக்கீல்களுக்கும் நடுவில் நிற்கிறேன். என்னை நீக்கிவிட்டால் என் நாற்காலியில் க்ளென். நீதிபதி அம்மா பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"பாத்திரத்துக்கு அடியில உங்க பேர் ஒட்டியிருக்கே?"

"ஒட்டலைன்னா திரும்பி வராதும்மா."

"குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்கு நீங்க சாப்பாடு அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன். போன மாசம் செல்மருக்குக் காய்ச்சல் வந்தப்பவும் இதே பாத்திரம், இதே சாப்பாடுதான் போச்சு. ரெண்டு தரப்புக்கும் சரிசமம்."

"யாராவது உங்ககிட்ட வழக்கைப் பத்திப் பேசினாங்களா?"

"பேச வந்தாங்க. நான் பாடிட்டேன்."

"பாடி…? யாரு பேச வந்தது?"

"வீட்டுக்காரர்."

"என்ன சொன்னாரு?"

"அது தெரியக்கூடாதுன்னுதானேம்மா பாடினேன்!"

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வக்கீல்களைப் பார்த்தார். இருவருக்கும் ஆட்சேபணை இல்லை. "போய் உக்காருங்க" என்றார். கேக் மட்டும் வெளியே தங்கிவிட்டது. மத்தியானம் ராயின் மீசையில் அதன் பொடியைப் பார்த்தேன்.

கடைசியில் எங்களை ஓர் அறையில் அடைத்தார்கள். ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். முதல் சுற்றில் ஐந்து பேர் குற்றவாளி என்றார்கள், நான் ஒருத்தி இல்லை என்றேன். எங்கள் தலைவர், டிராக்டர் கடை ரஸ்ஸல், பொறுமையாகத்தான் பேசினார்.

"ஆர்லிஸம்மா, குடில் அவர் கொட்டகைல இருந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நிரூபிக்கற பாரம் அரசாங்கத்தோடது, ரஸ்ஸல். நியாயமான சந்தேகம் ஒண்ணு இருந்தாலே போதும். என் வீட்டுக் கணக்குல ஒரு வரி இடிச்சாலும் நான் அடியில கோடு போட மாட்டேன். இதுல இடிக்குதே! திருடறவன் விளக்கைப் போட்டுக்கிட்டு, பார்த்தவங்களுக்குக் கையாட்டிட்டா போவான்? ஏரியில மூழ்காம காப்பாத்தறவன்தான் அப்படிப் போவான்."

"காப்பாத்தத்தான் எடுத்தாருன்னா, ஏன் செல்மர்கிட்ட போய்ச் சொல்லலை?"

"போன ஜனவரியில, உனக்கு முதுகு பிடிச்சிருந்தப்ப, உன் வாசல் பனியை வாரிப்போட்டது யாரு?"

"தெரியாது. விடிஞ்சு பார்த்தா சுத்தமா இருந்துச்சு."

"யாராவது வந்து நான்தான்னு சொன்னாங்களா?"

ரஸ்ஸல் என்னையே பார்த்தார். "நீங்களாம்மா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

ரஸ்ஸல் வாக்குச் சீட்டுகளை மறுபடியும் கையில் எடுத்தார். ஏனென்றால் அந்த ஆறு பேரில் ஒருவர்கூட தான் செய்த உபகாரத்தைத் தன் வாயால் சொல்லிக்கொண்டவர் இல்லை. அதிலும் ஒன்பது வருஷம் பேசாதவனிடம் போய், "உன் குடிலைக் காப்பாத்தினேன்" என்று நிற்பதைவிட நம்மவர்கள் ஏரியிலேயே இறங்கிவிடுவார்கள். அவனாகக் கேட்கட்டும் என்று டுவேன் காத்திருந்திருக்கலாம். இவனாகச் சொல்லட்டும் என்று செல்மர் முறைத்துக்கொண்டே ஷெரீஃபிடம் போயிருக்கலாம். நான்காவது சுற்றில் ஆறு பேரும் ஒன்றானோம். "குற்றவாளி அல்ல" என்று ரஸ்ஸல் வாசித்தபோது டுவேன் முகத்தை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டார். செல்மர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

இதோடு நிம்மதி வந்திருக்க வேண்டுமே, வரவில்லை. குற்றவாளி அல்ல என்றால் குற்றமற்றவர் என்று அர்த்தம் இல்லையாம். நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும்தானாம். ஒருவேளை நான் ஒரு திருடனை அவிழ்த்துவிட்டேனா? விட்டிருந்தாலும் சரிசெய்ய வழி இல்லை, ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி நிறுத்தக்கூடாது என்பதும் சட்டம். அந்த நொண்டிக்கால் மனுஷன் மாத்திரம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்படிக் கிடந்து தவிப்பேனா? தன் சிநேகிதன் கூண்டில் நிற்க, வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருக்கிற அவன் எப்பேர்ப்பட்ட கோழை! அவனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். என் கையில் கிடைத்தால் கர்த்தருக்கு வேலை மிச்சம். லோவெலிடம், "இப்ப சொல்லுங்க, என்னமோ சொல்லணும்னீங்களே" என்றால், "அவசரமில்லம்மா" என்கிறார். காது அடைத்திருந்தபோது துரத்தித் துரத்திச் சொல்ல வந்தவர், காதைத் திறந்ததும் வெளியே ஓடி, காலையில் வாரிய பாதையையே மறுபடியும் வாருகிறார். சாப்பாடும் இறங்கவில்லை.

சரி, அடுப்பு என்னைக் கூப்பிடுகிறது. அத்தானுக்கு என் வணக்கம். சமாதானத்தின் தேவன் உங்கள் இருவரையும் வெயிலிலிருந்தும் விழுவதிலிருந்தும் காத்து, ஈஸ்டருக்குப் பிறகு பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அன்புத் தங்கை,
ஆர்லிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லோவெல் உள்ளே வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ரெண்டாவது ஆளு நான்தான்" என்று சொல்லிவிட்டார். காதை மூடுகிற அதே தொப்பி. சர்ச்சில் கணப்பு பழுது பார்க்கப் போகிறேன் என்று போன மார்ச்சில் ஒரு சாயங்காலம் கிளம்பியவர், மூழ்கத் தொடங்கிய செல்மரின் குடிலை டுவேனோடு சேர்ந்து இழுத்திருக்கிறார், மார்ச் பனிமேல், வேதப்புத்தகத்தின்மேல் வைத்த அதே கையால். எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டு சாட்சி சொல்லத் தயார் என்று வியாழக்கிழமையே டுவேனிடம் சொன்னாராம். அதற்கு டுவேன், "வேணாம் லோவெல். நான் தோத்தா ஒரு வருஷம் உள்ள. நீ வாயைத் திறந்தா ஆர்லிஸ்கிட்ட உனக்கு ஆயுள்" என்றாராம். கூண்டில் ஏறினால் கூட வந்தது யாரென்று கேட்பார்களே என்றுதான் அந்த மனுஷன் ஏறவே இல்லையாம். மேலே கோழை என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிட நினைத்தேன், அப்படியே இருக்கட்டும். திங்கட்கிழமை நீதிபதி அம்மாவிடம் போய், என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறேன். டுவேனை இனி யாரும் தொட முடியாது, என்னை என்ன செய்தாலும் சரி. லோவெல், "பனிமேல போனதுக்கு நீ ஏற்கெனவே ஒரு தடவை விசாரிச்சுட்டியே, ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை கூடாதாமே?" என்று கேட்டார். அது வேற பனி, ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது என்றேன். ஆனால் அக்கா, ஒன்றுமட்டும் உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கிறது: ஒரு மனுஷன் ஜெயிலுக்குத் துணிந்து என்னிடம் துணியாமல் போகிற அளவுக்கு நான் அவ்வளவு பயங்கரமானவளா? பதில் எழுதாதே. மௌனமாயிருக்க உனக்கு உரிமை உண்டு. தயவுசெய்து அதைப் பயன்படுத்திக்கொள்.