மூன்றாம் ஓலைக்கு நானே சொன்ன தடை

சிகரெட்டை விட்டவன் விழித்திருக்கும் வரைதான் யோக்கியன். கண்ணை மூடிவிட்டால் அவனுக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. நான் விட்ட புதிதில், பகலில் பிடிக்காததையெல்லாம் கனவில் பிடித்துத் தள்ளினேன். காலையில் எழுந்ததும் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

விட்டதற்குக் காரணம் ஆரோக்கியம் அல்ல, ஷீலா. தொண்ணூறுகளின் கடைசி. அவள் அப்பா பாக்கியநாதன் காக்ஸ் டவுனில் எங்கள் சபையின் செயலாளர். பெண் கேட்கப் போனபோது என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, என் வீட்ல கொசுவத்திகூட கொளுத்த மாட்டோம்" என்றார். கல்யாணத்துக்குள் ஒரு சிகரெட் பிடித்தாலும் சம்பந்தம் ரத்து; பிடித்தால் நானே வந்து சொல்லிவிட வேண்டும். பைபிளில் கைவைத்து ஒப்புக்கொண்டேன். (காதலிக்கிறவன் எதன்மேலும் கைவைப்பான்.)

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியதைப் பிரியாணிப் பந்தியில் பேசிக்கொள்வார்கள்.

மூன்றாம் ஞாயிறு. அன்றைய பிரசங்கத்தில் இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் செங்கடலை அடைவதற்குள் நான் சிவாஜிநகரை அடைந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பச்சைக் கதவு போட்ட பெட்டிக்கடை.

"என்ன சார், ஆளையே காணோம்" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். ஆற அமரப் பிடித்தேன். பிறகு வாயில் இரண்டு கிராம்பைப் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கோயிலுக்குத் திரும்பி, பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வினை அங்கேதான். மற்ற கனவுகளிலிருந்து படுக்கையில் விழிப்பேன், கனவென்று தெரிந்துவிடும். இந்தக் கனவோ என்னை உட்காரவைத்த அதே பெஞ்சிலேயே விழிக்கவைத்தது.

"தடை அறிந்தவர்கள் சொல்லலாம். இது மூன்றாம் முறை" என்றார் போதகர்.

எழுந்து நின்றேன். "இருக்கு பாஸ்டர்."

போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாப்பிள்ளையே நீதானேப்பா?"

"ஆமா பாஸ்டர். நான் சிகரெட் பிடிச்சுட்டேன்."

"எப்ப?"

"நீங்க பிரசங்கம் பண்ணிட்டு இருந்தப்ப."

பெண்கள் பக்கத்தில் ஷீலா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அண்ணன் என் பேன்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருடா. முக்கா மணி நேரமா என் தோள்லதான் தூங்கிட்டிருந்த. பாரு, சட்டையெல்லாம் எச்சில்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது. "இல்லண்ணா, போய்ட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பச்சைக் கதவு கடை."

முன் வரிசையில் பாக்கியநாதன் கனைத்துக்கொண்டு எழுந்தார். சம்பந்தத்தை ரத்து செய்யப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாஸ்டர், பையன் தூக்கத்துல உளர்றான். அந்தக் கடையை இடிச்சு மூணு வாரம் ஆச்சு. கடைக்காரன் இப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம், தையல்காரர் கடையை ஒட்டி வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை கிடையாது."

சொல்லிவிட்டு உட்காரப் போனவர் பாதியிலேயே நின்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் மெதுவாக வந்தது. "வெள்ளிக்கிழமை கிடையாதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

போதகர் அவசரமாகக் கடைசிப் பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை அன்று பாடியதைப்போல் என்றும் பாடியதில்லை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாமாவும் சிகரெட்டை விட்டார். அல்லது அத்தை விடவைத்தார். ஆனால் என் கனவு மட்டும் இன்னும் விடவில்லை. இப்போதெல்லாம் அதில் மாமாவும் வந்துவிடுகிறார். ஒருமுறை வாய்தவறி இதை அத்தையிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து காலையில் போன் செய்து, "மாப்ளே, நேத்து அவர் எத்தனை?" என்று கேட்பது அத்தைக்கு வாடிக்கை. இரண்டுக்கு மேல் சொன்னால் மாமாவுக்கு அன்று காபி கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்கு மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ளே, நீங்க தாராளமா பிடிங்க. எனக்கு மட்டும் குடுக்காதீங்க."